கால் இருக்கும் இடம்

பெங்களூர் மர்பி டவுனில் போய் 'குடிகாரக் கேசவன் வீடு எது?' என்று கேட்டால் இன்றைக்கும் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஆதிகேசவன் தன் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை.

குடித்தவர் அவருடைய அப்பா. ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்குவார், சம்பள நாளில் சாக்கடை ஓரத்தில் கிடப்பார். கேசவனும் அவருடைய அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வீட்டுக்கு இழுத்து வருவார்கள். அந்த வாடையே ஆகாமல் வளர்ந்தவருக்கு வாய்த்தது கண்டோன்மென்ட் பக்கம் பழைய கிளப் ஒன்றில் பேரர் வேலை. அதிலும் பார் பக்கம். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், இடுப்பில் பச்சைப் பட்டை. எந்த மெம்பருக்கு எந்த விஸ்கி, யாருக்கு சோடா, யாருக்குத் தண்ணீர், யாருக்கு மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு அழுகை வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தட்டு நிறையக் கிளாஸ்களோடு கூட்டத்துக்குள் நுழைந்து, ஒருவர் மேலும் உரசாமல் மறுபக்கம் வெளியே வருவார். 'கேசவா, நீ நடக்கிறாயா மிதக்கிறாயா?' என்று மெம்பர்கள் கேட்டிருக்கிறார்கள்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது தமிழ்க்காரர்கள் வெளியே தலைகாட்டவே பயந்தார்கள். கேசவன் வீட்டுக்குப் போகாமல் கிளப் ஸ்டோர் ரூமிலேயே படுத்துக்கொண்டு வேலை பார்த்தார். மனைவி சொர்ணமும் மகள் தாரணியும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். 'அங்க இருக்கறவங்களுக்கு நீங்கதானா கெடச்சீங்க?' என்று அவர் திரும்பி வந்ததும் சொர்ணம் கேட்டாள். 'நம்மள நம்பி கூப்டறாங்க இல்ல' என்றார் கேசவன். அந்த நம்பிக்கையில் அவருக்குப் பெருமை இருந்தது.

அதற்கு முன்பே, எண்பத்தைந்தில், வயிற்றில் புண் வந்து ஓட்டையாகிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். தொப்புளுக்கு மேலே நீளமான தழும்பு. காரம் குறைக்கச் சொன்னார்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவரும் ஆறிப்போன புண் என்று அதை மறந்துவிட்டார்.

தொண்ணூற்று மூன்று வாக்கில் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு எந்நேரமும் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் தெருமுனை வரைக்கும் வெறுங்காலோடு போய்விடுவார், யாராவது சொன்னால்தான் தெரியும். நாக்கு சிவந்து வழுவழுவென்று ஆகி எதைச் சாப்பிட்டாலும் எரிந்தது. முகம் வெளுத்தது. நின்று நின்று வேலை செய்கிற உடம்பு, வயசும் நாற்பதைத் தாண்டிவிட்டது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினார். அடுத்த கணம் கீழே கிடந்தார். வழுக்கவில்லை, தலை சுற்றவில்லை. கண்ணை மூடியதும் தரை எங்கே, கால் எங்கே என்பதே இல்லாமல் போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த சொர்ணம் பக்கெட்டை நிமிர்த்திவிட்டு அவரைத் தூக்கினாள்.

'இன்னாங்க ஆச்சு?'

'தெரியல சொர்ணம். காலு இருக்கிற எடம் தெரியல.'

'காலு இருக்கிற எடத்துலதானே இருக்கும்!' என்று அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகு ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான் அவர் முகம் கழுவினார்.

நடை மாறியது. காலை அகட்டி வைத்து, தேவைக்கு மேல் உயரத் தூக்கி, தொப்பென்று போடுவார். கண் எப்போதும் தரையிலேயே இருக்கும். காலைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் சொன்னபடி கேட்டது. பார்வையை எடுத்தால் எங்கேயாவது போயிற்று. தெருமுனைக் கிளினிக்கில் இருந்த டாக்டரிடம் போனார். அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

'எங்க வேலை?'

'கிளப்புலங்க. பார்ல பேரர்.'

'குடிய நிறுத்துய்யா. நரம்புத் தளர்ச்சி வந்துடுச்சு பாரு.'

'சார், நான் குடிக்கறதே...'

டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தொண்ணூற்றைந்தில் ஒரு சாயங்காலம். கிளப்பின் பெரிய ஹாலில் ஒரு பழைய மெம்பருக்கு அறுபதாவது பிறந்தநாள். கேசவன் விஸ்கித் தட்டோடு கூட்டத்தின் நடுவே இருந்தார். எதிர்க் கதவு வழியாகக் கேக் வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரியட்டும் என்று யாரோ ஹால் விளக்கை அணைத்தார்கள்.

கேசவனுக்குத் தன் கால் காணாமல் போனது. தட்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். விழும்போது ஒரு அம்மாளின் பட்டுப்புடவையைப் பிடித்து இழுத்துவிட்டார். விளக்கைப் போட்டபோது அவர் உடைந்த கிளாஸ்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். கோட்டு முழுக்க விஸ்கி. தலைமுடியிலிருந்தும் சொட்டியது. கண்ணில் வெளிச்சம் பட்டதும் அவர் எழுந்து நன்றாக நின்றார். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

'இப்போ மட்டும் ஸ்டெடியா நிக்கிறான் பாருங்க' என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

செக்ரெட்டரி ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. கேசவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினார்.

'எவ்ளோ நாளா நடக்குது இது?'

'சார், சாமி சத்தியமா நான் தொட்டதில்ல. தட்டுல இருந்தது மேல ஊத்திக்கிச்சு. கால்ல ஏதோ கோளாறு சார். இருட்டுல நிக்க முடியல.'

'இருட்டுல நிக்க முடியல! நானும் முப்பது வருஷம் ஆர்மில இருந்தவன் கேசவா. எல்லா கதையும் கேட்டிருக்கேன். பார்ல இருந்துகிட்டு மெம்பர் சரக்கை எடுத்துக் குடிச்சா அது திருட்டு. போலீஸுக்குப் போகாம விடறேன், அதுக்கு சந்தோஷப்படு.'

கோட்டையும் பட்டையையும் அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நனைந்த பனியனோடு அவர் வீட்டுக்கு நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் தெருவிளக்கு எரியவில்லை. இரண்டு இடத்திலும் விழுந்தார். அண்டை வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். வாடையும் அடித்தது. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

சொர்ணத்துக்கு அவரைத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும். இருந்தாலும் வேலை போன வீட்டில் ஒவ்வொரு நாளாகப் போகப் போக அவளுக்குத் தெரிந்தது குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர்க் குழாயடியில் கேட்கிற பேச்சு ஒரு பக்கம். கரண்ட் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிற புருஷன் ஒரு பக்கம். பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த தாரணி, 'அப்பா, நீங்க காலேஜ் பக்கம் வர வேணாம்' என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். ஒருநாள் சந்தையிலிருந்து வந்தவர் வாசற்படியில் தடுக்கி விழுந்து, வாங்கி வந்த முட்டையெல்லாம் உடைந்தபோது, சொர்ணம் குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தாள்.

ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் அவள் முகர்ந்தாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

'நீயுமா?' என்றார்.

'நா இன்னா செய்யட்டும்? எங்க குடிக்கறே, எப்ப குடிக்கறேன்னு சொல்லித் தொலை. தெரிஞ்சாலாவது நிம்மதி.' அதுவரை அவரை நீங்கள் என்றே கூப்பிட்டு வந்தவள் அவள்.

சொர்ணத்தின் தம்பி சண்முகம் ஆட்டோ ஓட்டுகிறவன். ஓசூர்ப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டால் குடி நின்றுவிடும் என்று அவன்தான் யோசனை சொன்னான். கேசவன் முதலில் கத்தினார். பிறகு சொர்ணத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். கோயிலில் வரிசையாக ஆண்கள் நின்றார்கள். சிலருக்குக் கை நடுங்கியது, ஒருவர் வரிசையிலேயே வாந்தி எடுத்தார். கேசவனின் முறை வந்தது.

'இனிமே குடிக்க மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு' என்றார் பூசாரி.

கேசவன் திரும்பிச் சொர்ணத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து சண்முகம், 'சொல்லுங்க மாமா' என்றான்.

'இனிமே குடிக்க மாட்டேன்' என்றார் கேசவன். சொர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது அத்திப்பள்ளியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

கயிறு கட்டியதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. அதுவரை அவர் குடிகாரன் மட்டும்தான். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் மின்வெட்டில் வாசலில் விழுந்தபோது, அம்மன் மேல் பண்ணின சத்தியத்தை மீறியவனாகவும் ஆனார். குடிகாரனிடமாவது பேசுவார்கள், சத்தியம் தப்பினவனிடம் பேசப் பயப்பட்டார்கள். எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். கை விரல்களும் மரக்க ஆரம்பித்திருந்தன. சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடியவில்லை. அதையும் கை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் சண்முகமும் இன்னும் இருவரும் அவரை ஆட்டோவில் ஏற்றி, சந்தாபுராவைத் தாண்டி ஒரு குடி மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சொர்ணம் வரவில்லை. துணிப்பையை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

அங்கே அடிக்கவில்லை. காலையில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து, 'நான் ஒரு குடிகாரன்' என்று சொல்லித் தன் கதையைச் சொல்ல வேண்டும். கேசவன் எழுந்து, 'நான் குடிச்சதில்லீங்க' என்றார். நடத்துகிறவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

'முதல்ல எல்லாரும் இதான் சொல்வாங்க. இதுவே நோயோட அடையாளம். ஒத்துக்கிட்டாத்தான் வீட்டுக்கு அனுப்பலாம்.'

குடியை நிறுத்தினால் வர வேண்டிய நடுக்கமோ வியர்வையோ தூக்கமின்மையோ அவருக்கு வரவில்லை. அழுத்தக்காரன் என்றார்கள். நாள் போயிற்று. ஒருநாள் காலை கேசவன் தானாகவே எழுந்து நின்றார்.

'நான் ஒரு குடிகாரன்' என்றார்.

பிறகு சொன்னார், விலாவாரியாக. எந்த விஸ்கியின் நிறம் எப்படி இருக்கும், ஐஸ் போட்டால் எப்படிக் கலங்கும், மெம்பர்கள் மிச்சம் வைத்த கிளாஸைச் சமையற்கட்டுக்கு எடுத்துப் போகிற வழியில் எந்தத் தூண் மறைவில் நின்று குடிப்பார், மூன்றாவது கிளாஸில் எப்படி அழுகை வரும் என்றெல்லாம். வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று பார்த்ததையெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு சொன்னார். வட்டத்தில் இருந்த ஒருவர் விசும்பினார். எல்லோரும் கை தட்டினார்கள். நடத்துகிறவர் வந்து கட்டிப்பிடித்தார். 'இன்னிக்குத்தான் நீ திருந்த ஆரம்பிச்சிருக்கே கேசவா' என்றார்.

அந்த வாரம் நரம்பு ஆஸ்பத்திரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரம்மா அங்கே வந்தார். வீணா என்று பெயர். குடியால் நரம்பு கெட்டவர்களைச் சோதிக்கத்தான் வந்திருந்தார். கன்னடக்காரர், தமிழை யோசித்து யோசித்துப் பேசினார்.

'காலைச் சேர்த்து வெச்சு நில்லுங்க. இப்போ ஸ்வல்பம் கண்ணை மூடுங்க. பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்கறேன்.'

கேசவன் கண்ணை மூடினார். வெட்டின மரம் மாதிரிச் சாய்ந்தார். டாக்டர் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். பிறகு படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து அசைத்தார்.

'விரல் மேலே போகுதா, கீழே போகுதா?'

'நீங்க இன்னும் தொடவே இல்லியேம்மா.'

டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தார். அது அதிர்வது கேசவனுக்குத் தெரியவில்லை. முழங்காலுக்கு வந்த பிறகும் தெரியவில்லை. இடுப்பெலும்பில் வைத்தபோதுதான் 'ஆங், கிர்ருங்குது' என்றார். உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்த்தபோது கட்டைவிரல் மேல்நோக்கி விறைத்தது. டாக்டரின் புருவம் சுருங்கியது. குடியால் கெட்ட கால் அப்படிச் செய்யாது. சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார்.

'இது எப்போ பண்ணாங்க?'

'எண்பத்தஞ்சுலம்மா. வயித்துல புண்ணு.'

'அதுக்கப்புறம் மாசாமாசம் ஊசி போட்டுக்கச் சொன்னாங்களா?'

'இல்லியேம்மா.'

'எவ்வளவு வருஷமா குடிக்கிறீங்க?'

கேசவன் வாசலில் நின்ற நடத்துகிறவரைப் பார்த்தார். 'நெசத்தைச் சொல்லட்டுமாம்மா, இங்க சொல்ல வேண்டியதைச் சொல்லட்டுமா?'

ரத்தத்தை எடுத்துப் போனார்கள். முடிவு வந்ததும் டாக்டர் வீணா சொர்ணத்தை வரச் சொன்னார். சொர்ணமும் சண்முகமும் வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்கள்.

'அம்மா, கண்ணை மூடிக்கிட்டு உங்க மூக்கைத் தொடுங்க' என்றார் டாக்டர். சொர்ணம் ஒன்றும் புரியாமல் தொட்டாள்.

'மூக்கு எங்கே, கை எங்கேன்னு யாரு சொன்னாங்க? கண்ணு பார்க்கலையே. உங்க சதைக்குள்ள, மூட்டுக்குள்ள எல்லாம் நரம்பு இருக்கு. இப்போ கை மடங்கியிருக்கு, இப்போ கால் தரையில இருக்குன்னு அது சொல்லிட்டே இருக்கும். அந்தச் சேதி முதுகுத்தண்டு வழியா மூளைக்குப் போகும். அதை வெச்சுத்தான் மூளை அடுத்த அடிய எடுக்கச் சொல்லும். சேதி நின்னுபோனா, கால்ல பலம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இவருக்கு அந்தச் சேதி நின்னுபோச்சு. அதுக்குப் பதிலா கண்ணால பார்த்துப் பார்த்து நடக்கறார். விளக்கை அணைச்சா விழறார்.'

'எதனாலம்மா?'

'நரம்பு மேல ஒரு உறை இருக்கு. அது கெடாம இருக்க ஒரு வைட்டமின் வேணும். சாப்பாட்டுல இருக்கும், ஆனா அதை ரத்தத்துல சேர்க்க இரைப்பை உதவி செய்யணும். இவருக்கு இரைப்பையில பெரிய பாகம் எடுத்தாச்சு. ஈரல்ல சேமிச்சு வெச்சிருந்தது சில வருஷம் ஓடிச்சு. அப்புறம் தீர்ந்துபோச்சு. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சாதாரண ஊசிதான். போட்டிருந்தா இது வந்தே இருக்காது.'

சண்முகம் தரையைப் பார்த்தான். சொர்ணம் பெஞ்சியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

'இப்ப ஊசி போட்டா சரியாயிடுமா?'

'மேல கெடாம நிக்கும். கை சரியாகலாம். கால்...' டாக்டர் நிறுத்தினார். 'லேட் ஆயிடுச்சும்மா.'

'அப்ப குடியாவே இருந்திருக்கலாம்' என்றாள் சொர்ணம். 'விட்டிருப்பாரு.'

கேசவன் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஊசி போட ஆரம்பித்ததும் நாக்கு எரிச்சல் போயிற்று, முகத்தில் ரத்தம் வந்தது, விரல்கள் பொத்தானை உணர்ந்தன. கால் திரும்பவில்லை. ஒரு பகல்வேளையில் சொர்ணம் அவரைக் கிளப்புக்கு அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அவளே சொன்னாள். செக்ரெட்டரி வராந்தாவில் நின்றபடியே கேட்டார்.

'அப்படியா, பாவம். அப்பவே மெடிக்கல் ப்ராப்ளம்னு சொல்லியிருக்கணும் கேசவா.'

'சொன்னேன் சார்.'

'சரி, விடு. இப்போ நிக்க முடியாத ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? உக்காருங்க, டிஃபன் சாப்டுட்டுப் போங்க.'

புது பேரர் ஒருவன் இரண்டு தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்தான். சொர்ணம் தொடவில்லை. கேசவன் சாப்பிட்டார். பசித்தது.

பிறகு அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். தெருவில் ஒருவரும் பழைய பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்ளவில்லை. சிலருக்குச் சொர்ணம் விளக்கிச் சொன்னாள். 'ஏதோ வைட்டமின் இல்லியாம்' என்று கேட்டுக்கொண்டு, அவள் நகர்ந்ததும் சிரித்தார்கள். தாரணி மட்டும் ஒருநாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். 'இன்னாத்துக்குமா அழற?' என்றார்.

தாரணி படித்து எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி வண்டி தெருமுனைக்கே வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். இரண்டாயிரத்து மூன்றில் வேலூர்ப் பக்கத்துக் குடும்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே வேலை. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் வீட்டில் பேச்சு நடந்தது.

'மாமா நடக்கறதப் பாத்தா கேப்பாங்க' என்றான் சண்முகம். 'நரம்பு நோவு, முதுகுத்தண்டு அது இதுன்னு சொன்னா, பரம்பரையா வருமான்னு பயந்து ஓடிடுவாங்கக்கா.'

'பரம்பரை இல்லன்னு டாக்டரே சொன்னாங்களே' என்றாள் தாரணி.

'நீ சொன்னா நம்புவாங்களா? முன்ன குடிச்சிட்டு இருந்தாரு, அதுல கொஞ்சம் கால் தளர்ச்சி, இப்ப சுத்தமா விட்டுட்டாருன்னு சொல்லிடலாம். அது எல்லா வீட்லயும் இருக்கறதுதான். ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க.'

சொர்ணம் கேசவனைப் பார்த்தாள். தாரணியும் பார்த்தாள். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று அவர் கொஞ்ச நேரம் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

'சரி, அப்டியே சொல்லிடுங்க' என்றார் கேசவன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

'குடிய விடறது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க சம்மந்தி. எங்க அண்ணன் அதுலயே போயிட்டாரு. உங்களப் பாத்தா மரியாதையா இருக்கு.'

'ஆமாங்க' என்றார் கேசவன். 'கஷ்டமாத்தான் இருந்துச்சு.'

பிறகு குடும்பத்தோடு மேடையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். 'பெரியவரே, இங்க பாருங்க, மேல பாருங்க' என்று போட்டோக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். மேடையோ குறுகல், பின்னால் படி. ஆல்பத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெண்ணின் அப்பா மட்டும் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பழைய குடிகாரருக்கு இன்னும் வெட்கம் போகவில்லை என்று வேலூர்க்காரர்கள் இரக்கத்தோடு பேசிக்கொண்டார்கள்.